றேடார் அண்ணையும் ஒலியை முந்திய ஏவுகணையும்

மல்லாவியில் றேடார் அண்ணையின் காதுக்குத் தப்பி ஒரு காகம்கூடப் பறந்ததில்லை. சமாதான காலம் கலைந்து, குண்டு போடும் கிபிர் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. வீடுகளுக்கு இடையே ஓடும் எங்கள் ஒழுங்கையின் முனையில் அவர் மா அரைக்கும் மில் வைத்திருந்தார். எதிரே நின்று "அரிசி, அரிசி" என்று கத்தினாலும், "என்ன பிள்ளை, மிளகாயோ?" என்பார். ஆனால் தொலைவில் விமானம் முனகினால் போதும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒழுங்கைக்கு ஓடிவந்து, "பங்கருக்கை இறங்குங்கோ!" என்று கூவுவார். நாங்கள் பதுங்கு குழிக்குள் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு அது கேட்கும்.

நான் ஒரு குடிநீர்த் திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளர். எதையும் குறித்து வைப்பவள். அவருடைய அறிவிப்புகளுக்கும் ஒரு கொப்பி இருந்தது. 'பிழை' என்ற பக்கத்தில் மூன்றே மூன்று: ஓர் உழவு இயந்திரம், ஒரு குளவிக்கூடு, ஒரு கல்யாணவீட்டு ஜெனரேட்டர். மூன்றாவதில் மாப்பிள்ளை தாலியோடு எங்கள் பங்கருக்குள் வந்து விழுந்தார். பொம்பிளை வேறு பங்கரில்.

"ஜெனரேட்டர் பிழையாய் ஓடுது. அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று றேடார் அண்ணை மாப்பிள்ளையையே அதட்டினார்.

இப்படிப்பட்டவருக்குத்தான், மில்லில் கிடந்த பத்திரிகையை நான் வாசித்துக் காட்டினேன். இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த ஏவுகணை. ஒலியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம்.

"அப்பிடியெண்டால்?"

"அது வந்து விழுந்த பிறகுதான் அண்ணை சத்தம் வரும்."

அவர் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. "முதல் விழுந்திட்டுப் பிறகு சத்தமோ? இதென்ன ஒழுங்கில்லாத வேலை! ரெண்டு நாடு சேர்ந்தும் ஒருத்தருக்கும் இது பிழையெண்டு தெரியேல்லையோ?"

மறுநாள் அவருடைய இரண்டு காதிலும் பஞ்சு. மூன்றாம் நாள் கிபிர் எங்கள் கூரைக்கு மேலே இரைந்தபோதுதான் வந்ததே தெரிந்தது. எதிர்வீட்டு யோகமக்கா கைக்குழந்தையோடு முற்றத்தில் விறைத்து நின்றார். குண்டு காட்டுப் பக்கம் விழுந்தது, ஒருவருக்கும் காயமில்லை. கொப்பியைத் திறந்தேன். அவர் கூவாததை எழுத அதில் ஒரு பக்கமும் இல்லை.

யோகமக்கா நேரே மில்லுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். "உங்கட காதை நம்பித்தானே அண்ணை நான் குழந்தையை முற்றத்திலை படுக்க விடுறனான். இனி ஆரை நம்ப?"

"காதாலை இனி வேலையில்லை, தங்கச்சி. இந்தப் பிள்ளைதான் வாசிச்சவள்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, அது கடலிலை கப்பலை அடிக்கிறதுக்குச் செய்தது," என்றேன். "எங்கட ஒழுங்கையிலை கப்பல் இருக்கோ?"

யோசித்தார். வாசலுக்குப் போய் ஒழுங்கையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "இல்லை," என்று பஞ்சைப் பிடுங்கினார். தரையையும் தாக்குமாம் என்ற பத்திரிகையின் கடைசி வரியை நான் அவருக்கு வாசிக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் அவர் கூவினார். ஓடினோம். எல்லாருக்கும் பின்னால் அவர் இறங்கினார். மேலே கிபிர் இரைந்தது. உள்ளே இருட்டில் அவர் அசையாமல் இருந்தார். விமானத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"யோகம் இருக்கிறா. குழந்தை இருக்குது," என்று முணுமுணுத்தவர், திடீரெனப் பதறினார். "இந்தப் பிள்ளையின்ரை மூச்சு கேக்கேல்லையே! பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பயத்தில் அடக்கியிருந்த மூச்சை, அவருக்குக் கேட்கும்படி விட்டேன்.