ஆபீசருக்காகக் குழியை மெழுகினேன்

செம்பூரிலிருந்து தாராவிக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறத்தான் ஏறினேன். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு "உதர், உதர்" என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. என் முழங்கை வரைக்கும் எருமைச் சாணி. சட்டையிலும் தலைமுடியிலும் காதுக்குள்ளும் கருப்பு மண். மே மாதக் கடைசி வெயிலில் எல்லாம் காய்ந்து, சயான் வருவதற்குள் என் கையே வயல்போல வெடித்துவிட்டது. (அந்த வெடிப்பைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் அன்று நான் இல்லை.)

வேலையைத் தொலைத்துவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பியவன் நான். குண்டக்கல்லில் மூட்டை தூக்கினேன், சோலாப்பூரில் மில் வாசலில் கூப்பிடுவார்கள் என்று நின்றேன், மாட்டுங்கா ஓட்டலில் மாவாட்டினேன். சாப்பாடு கிடைத்த நாளில் சாப்பிட்டேன், கிடைக்காத நாளில் தூங்கினேன். எல்லா இடத்திலும் வேலை செய்யாததற்காகத்தான் அனுப்பினார்கள். அதிகமாக வேலை செய்ததற்காக அனுப்பியது செம்பூரில்தான்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. மண்ணை ஆராய்ந்து வகை பிரிக்கும் ஒரு சர்வே ஆபீசில் எடுபிடி ஆளாகச் சேர்ந்திருந்தேன். என் சார் பெயர் வைத்தியநாதன். மாட்டுங்காவில் வீடு. நெற்றியில் விபூதி, காலில் கான்வாஸ் ஷூ, பையில் ஒரு பேனாக்கத்தி. நான் குழி தோண்டுவேன். அவர் உள்ளே இறங்கிக் குழிச் சுவரைக் கத்தியால் கொத்திக் கொத்திப் பார்ப்பார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரலிடுக்கில் நாடாபோல நீட்டுவார். எவ்வளவு நீளம் அறுந்துபோகாமல் வருகிறதோ அவ்வளவு களி. வண்ணவண்ணச் சில்லுகள் ஒட்டிய ஒரு புத்தகத்தில் மண்ணை வைத்து, ஜாக்கெட் துணிக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல நிறம் பார்ப்பார். பிறகு ஆபீசிலிருந்து கொண்டுவந்த மழைக் கணக்கையும் வெயில் கணக்கையும் விரித்துக்கொண்டு உட்காருவார்.

"மண்ணைப் பார்த்து எழுதறதுக்கு மழைக் கணக்கு என்னத்துக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மண்ணுக்குப் பேர் வெக்கறதுன்னா ஜாதகம் கணிக்கற மாதிரிடா சுடலை. நாம அளந்து எழுதறதெல்லாம் வெறும் கட்டம். பொறந்த நேரம் தெரிய வேண்டாமோ? அதுதான் மழையும் வெயிலும். பம்பாயைப் பாரு. நாலு மாசம் கொட்டித் தீர்க்கறது, மிச்ச மாசமெல்லாம் காய்ச்சல். இந்தக் களி ஈரத்துல ஊதும், காய்ச்சல்ல சுருங்கி வெடிக்கும். வெடிப்பு எவ்வளவு ஆழம், எத்தனை மாசம் திறந்து கெடக்குங்கறதை வெச்சுத்தான் இதுக்குப் பேர்."

"வெடிச்சா என்ன சார்?"

"வீடு கட்ட ஆகாத மண்ணுன்னு பேர் வரும். சாதாரணக் கடைக்கால் போட்டா, குடி வரவா ஆத்துச் சுவரெல்லாம் பிளந்துடும்."

இந்தக் கடைசி வரிதான் என் மனதில் நின்றது. செம்பூரில் அந்தத் தாழ்ந்த நிலத்தில் ஒரு பெரிய குடியிருப்புக் காலனி வருவதாக இருந்தது. வெடிப்பு இருந்தால் மண்ணுக்குக் கெட்ட பேர். அதாவது ஜாதகத்தில் தோஷம். சார் அந்தத் தோஷத்தை நிரூபிக்கத்தான் கோடை முழுவதும் காத்திருக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. பாவம், மழைக் கணக்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து இதற்கு ஏதாவது பரிகாரம் தேடுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. தாராவியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த மாமா, தன் மகள் பேச்சியை எனக்குத் தருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஏலே, நீ காத்து மாதிரி சுத்துத பய. பெர்மனன்ட் வேலைன்னு ஒரு கடுதாசியைக் காட்டு, அன்னைக்கே தாலி வாங்குதேன்."

அந்த வாய்ப்பும் வந்தது. தில்லியிலிருந்து பெரிய ஆபீசர் குழியைப் பார்க்க வருகிறார் என்றார் சார். "அவர் ஒத்துண்டார்னா நம்ம மண் பேர் முடிவாயிடும். அப்படியே உன்னையும் பெர்மனன்ட் பண்ணச் சொல்லிடறேன். மழை இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்கறது. மழை வந்துட்டா எல்லாம் மூடிண்டுடும், அப்புறம் அடுத்த கோடைதான். நான் ஸ்டேஷன்லேர்ந்து அவரை அழைச்சுண்டு வரேன். நீ விடியலிலேயே போய்க் குழியைப் பார்த்துக்கோ."

போனேன். குழியைப் பார்த்தேன். மனசே சரியில்லை.

நிலம் முழுவதும் லாரிகள் இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிவிட்டிருந்தன. சார் சண்டை போட்டுக் காப்பாற்றிய அந்த ஒரு மூலைதான் மிச்சம். அதில் தரையெல்லாம் கை நுழையும் வெடிப்பு. குழிச் சுவரோ சார் கத்தியால் கொத்திய கொத்தில் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. மேலே ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், அடியில் சரளை. தில்லியிலிருந்து பெரிய மனுஷர் வரும்போது இப்படியா வைத்திருப்பது? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை மெழுகுவோமா, மாட்டோமா?

பக்கத்தில் ஒரு தபேலா, அதாவது எருமைக் கொட்டில், இருந்தது. கூடை நிறையச் சாணி அள்ளினேன். பால் கறந்துகொண்டிருந்த வடக்கத்திப் பையா, "பூஜா ஹை க்யா?" என்று கேட்டான். ஏறக்குறைய பூஜைதான் என்றேன்.

குழியிலிருந்து தோண்டிப் போட்டிருந்த கருப்பு மண்ணில் சாணியைக் கலந்து, தண்ணீர் விட்டுக் காலால் மிதித்துக் குழைத்தேன். முதலில் தரை வெடிப்புகளை எல்லாம் நிரப்பிக் கடப்பாரையால் குத்தி இறுக்கினேன். (ஆபீசரின் கால் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?) பிறகு குழியில் இறங்கி நாலு சுவரையும் மெழுகினேன். ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்திருக்கலாம். அரைகுறை வேலை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம். விளிம்பைச் சுற்றிச் செம்மண் பட்டை. மேலே ஒரு கோலம். எனக்குக் கோலம் வராது. அது செத்துப்போன நண்டு மாதிரி இருந்தது. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் லட்சணமாகத்தான் தெரிந்தது.

ஜீப் வந்தது. ஆபீசர் நல்ல உயரம், வெள்ளைப் பேண்ட், தொப்பி. சார் பேசிக்கொண்டே வந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார்.

"என்னடா இது?"

"மெழுகிட்டேன் சார்."

"மெழுகிட்டியா?"

"நாலு பக்கமும் சார்."

சாரின் முகம் விபூதியை விட வெளுத்தது. ஆபீசர் கோலத்தைத் தாண்டி உள்ளே இறங்கினார். சுவரைத் தொட்டார். விரலை மோந்தார். மறுபடியும் மோந்தார். பிறகு இந்தியில், எனக்கும் புரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "நான் நிறைய மண் பார்த்திருக்கிறேன். மேலிருந்து அடி வரைக்கும் ஒரே அடுக்காக, ஒரே வாசனையாக இருக்கும் மண்ணை இன்றுதான் பார்க்கிறேன். உங்கள் அறிக்கையில் மூன்று அடுக்கு இருக்கிறது, வைத்தியநாதன். வெடிப்பு இருக்கிறது. இங்கே எதுவும் இல்லையே."

சார் கத்தியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தார். ஈரப் பூச்சு இழுபட்டு இன்னும் நன்றாக மெழுகிக்கொண்டது. மேலே வந்து மழைக் கணக்கை நீட்டினார். எந்த மாதம் எவ்வளவு மழை, எத்தனை மாதம் காய்ச்சல், இப்படிப்பட்ட களி இந்தக் காய்ச்சலில் வெடிக்காமல் இருக்கவே முடியாது என்று கெஞ்சாத குறையாக விளக்கினார்.

"உங்கள் கணக்கு வெடிக்கும் என்கிறது. சுவர் வெடிக்கவில்லை என்கிறது. நான் எதில் கையெழுத்துப் போடட்டும்?" என்றார் ஆபீசர். மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். குழியோரம் புங்க மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார். சார் குடிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

முதலில் 'பட்' என்று ஒரு சத்தம். அப்பளம் ஒடிவதுபோல. குழியின் கிழக்குச் சுவரில், நான் அவ்வளவு வழுவழுப்பாகப் பூசிய இடத்தில், மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தரையில் நான் அடைத்துவைத்த வெடிப்புகளின் ஓரமெல்லாம் பொருக்காகச் சுருண்டு எழுந்தது. சாணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அதே கருப்பு மண். அது காய்ந்ததும் சுருங்கியது, சுருங்கியதும் பிளந்தது. சுவரிலிருந்து ஒரு பாளம் உதிர்ந்து விழுந்தபோது பின்னால் பழைய வெடிப்பு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஆபீசர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார். சிரித்தார். "பூசிய மண்கூட வெடிக்கிறது! வைத்தியநாதன், இதைவிட நல்ல சோதனை உண்டா?" என்று சொல்லிக்கொண்டே அளவுகோலை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். அறிக்கையை வாங்கி முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு ஆபீசர் கேட்டார்: "இதைச் செய்து காட்டிய ஆள் யார்? கெட்டிக்காரன். பெர்மனன்டா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. குழிக்குள் இருந்தேன். என் பூச்சு நாலு பேர் பார்க்க உதிர்கிறதே என்ற அவமானத்தில், மிச்சமிருந்த சாணி மண்ணை அள்ளி வெடிப்புகளை அவசர அவசரமாக அடைத்துக்கொண்டிருந்தேன். "கவலைப்படாதீங்க சாப்! இன்னொரு பூச்சு பூசினா வெடிப்பு வெளியிலே தெரியவே தெரியாது!" என்று என் தாராவி இந்தியில் சத்தமாகச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? உயரத்தில் இருந்த ஒரு வெடிப்பைக் குறிபார்த்து, ஒரு கை மண்ணை வீசினேன். சரியாக அதே நேரத்தில்தான் ஆபீசர் அந்தக் கெட்டிக்காரனைப் பார்ப்பதற்காக விளிம்புக்கு வந்து நின்றார்.

வெள்ளைப் பேண்ட் என்று சொன்னேன் அல்லவா? அப்புறம் அது வெள்ளையாக இல்லை.

ஆபீசர் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. சார்தான் மெதுவாகச் சொன்னார்: "சுடலை, நீ கிளம்புப்பா. நாளைக்கும் வர வேண்டாம்." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தாராவி வந்து சேர்ந்தபோது பேச்சி குழாயடியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னத்தான், எருமை எதுவும் முட்டிட்டா?"

நடந்ததைச் சொன்னேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் பல்லைக் கடித்தார். கோலம் வந்ததும் தோள் குலுங்கியது. பேண்ட் வந்ததும் இருமல் வந்து, பேச்சி முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "குழிக்கு அலங்காரம் பண்ணுன பயலுக்குப் பொண்ணு கேக்கு, பாத்தியாட்டி!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேச்சி மட்டும் வேறு யோசனையில் இருந்தாள். "அவ்வளவு சீக்கிரம் நாலு சுவரையும் ஒரே ஆளாவா பூசுனிய?"

"ஆமா."

"அப்பம் வேலை போவலை அத்தான். எந்த வேலைன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளி வருகிறார்கள் என்று யாராவது அவசரமாகப் பாயை உதறினாலும் சரி, பேரப்பிள்ளைகள் பவுடர் அப்பிக்கொண்டு கிளம்பினாலும் சரி, பேச்சி விடுவதில்லை. "வெடிப்பை அடைச்சாச்சா? கோலம் போட்டாச்சா?" என்பாள். (என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.)

அன்று பேச்சி அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலை, குளித்துவிட்டு வடாலாவுக்கு நடந்தேன். புதிதாகக் கட்டிய ஒரு கட்டிடம். இன்னும் யாரும் குடி வரவில்லை, அதற்குள் முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நீளமான வெடிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே பீடி பிடித்துக்கொண்டிருந்த முகாதம், அந்த ஊர் மேஸ்திரி, என்ன வேலை தெரியும் என்று கேட்டான்.

"உள்ளே என்ன இருக்குன்னு தில்லி ஆபீசரே கண்டுபிடிக்க முடியாத மாதிரி பூசுவேன்" என்றேன்.

அவன் பீடியை எறிந்துவிட்டுப் பூச்சுக் கரண்டியை என் கையில் கொடுத்தான்.