அரிசி டின்னுக்குள் போன சாவி

உயிரே போனாலும் காரைத் தருவதில்லை. திங்கட்கிழமை காலை, காப்பியின் கடைசி வாயோடு இந்த முடிவை எடுத்தேன். சத்தமாக இல்லை. என் முடிவுகளை நான் மனசுக்குள் எடுப்பதுதான் வழக்கம். வெளியே எடுத்தால் சோராய்தா பிடுங்கிக்கொள்வாள்.

சோராய்தா என் மனைவி. அவள் அண்ணன் மகள் யானெலிஸுக்கு சனிக்கிழமை பதினைந்து வயது. எங்கள் ஊரான சியென்ஃபுகோஸில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காமல்கூடப் போகலாம், பதினைந்துக்கு ஊர்வலம் நடக்காமல் போகாது. ராணி மாதிரி கவுன் போட்டு, திறந்த காரின் பின்சீட் முதுகில் ஏறி உட்கார்ந்து, கடற்கரைச் சாலை நெடுகக் கையாட்ட வேண்டும். குடும்பத்தில் திறந்த கார் ஒன்றுதான். என்னுடையது. உட்காருகிறவள் காலை எங்கே வைப்பாள்? என் சீட்டில். ஊசிக் குதிகாலோடு. போன தடவை இன்னொரு மருமகள் போட்ட ஓட்டைகளுக்குப் பிறகு, புது வெள்ளை ரெக்ஸின் தேடித் தைக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. தைத்து நாலு மாசம்கூட ஆகவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து செவ்ரோலே. உடம்பு அமெரிக்கா. இன்ஜின் ரஷ்யா, ஒரு வோல்கா காரிலிருந்து கழற்றியது. வலது விளக்கு டிராக்டருடையது. சாவி போட்டு இன்ஜினைக் கிளப்புகிற பூட்டு என் மாமனார் பெலார்மினோவின் செத்துப்போன மாஸ்க்விச் காரிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு அவர் செய்த சீர் அது ஒன்றுதான். கதவுப் பூட்டெல்லாம் பெயருக்கு, கரண்டிக் காம்பை விட்டால் திறக்கும். சோராய்தா இந்தக் காருக்கு வைத்திருக்கும் பெயர், என் சின்ன வீடு.

திட்டம் எளிது. சாவி இல்லாவிட்டால் கார் நகராது. கார் நகராவிட்டால் சீட் பிழைக்கும். சாவியை ஒரு துணியில் சுற்றி, சமையலறை மூலையில் இருந்த பெரிய அரிசி டின்னின் அடியில் புதைத்தேன். அன்றாடம் எடுக்கிற அரிசி சின்ன டின்னில் இருக்கும். பெரியதை யார் தொடப்போகிறார்கள்? பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாவி தொலைந்துபோயிற்று என்று அறிவித்தேன்.

அவள் கத்தவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"தொலைஞ்சா என்ன கிழவா, வேற சாவி செஞ்சுக்கலாம்," என்றாள். முப்பது வயதிலிருந்தே எனக்கு அவளிடம் கிழவன் என்றுதான் பெயர். "பூட்டுக்காரர் ஃபெர்மினைப் போய்ப் பாரு. போற வழியில ரோஜாக் கலர் ரிப்பன் நாலு மீட்டர்."

ஃபெர்மின் தன் வீட்டு ஜன்னலிலேயே கடை வைத்திருக்கிறவர். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன பூட்டு என்று கேட்டார். ஒரிஜினல் என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தக் காலத்து அமெரிக்கப் பூட்டுக்கு பல் வெட்டாத வெற்றுச் சாவிகூட இந்தத் தீவில் கிடைக்காது என்று கையை விரித்தார். அந்த விரித்த கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து, முடிந்தவரை சோகமாகச் சொன்னேன்.

சோராய்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டு ஒரிஜினலா?"

"பின்னே? அறுபது எழுபது வருஷத்து ஒரிஜினல்."

"அப்படியா," என்றாள். "பால்மிராவுல ஒருத்தர் இருக்காராம். நாளைக்குப் போயிட்டு வந்துடு. அங்கே பூண்டு நல்லா இருக்கும்."

செவ்வாய் பால்மிரா, லாரியில் நின்றுகொண்டே. சாவி இல்லை, பூண்டு இருந்தது. புதன் துறைமுகத்தில் ஒரு கிழ மெக்கானிக். சாவி இல்லை, ஆனால் அவர் பக்கத்து வீட்டிலிருந்து இருபது நாற்காலி இரவல் வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். வியாழன் தையல்காரி வீட்டுப் பக்கம் ஒரு பூட்டுக்காரர். கவுனோடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை எந்தப் பூட்டுக்காரர் என்று நினைவில்லை, கேக் மட்டும் நினைவிருக்கிறது. மூன்று அடுக்கு, நீலக் கிரீம், மூடியில்லாமல் அட்டைமேல். அதை இரண்டு கையிலும் ஏந்தி பதினான்கு தெரு நடந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது, விரட்டக் கையில்லை. இருந்தாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நடந்தேன். என் சீட் வெள்ளையாகவே இருந்தது.

சனிக்கிழமை நாலு மணி. யானெலிஸ் ரோஜாக் கலர் ரிப்பனோடு வாசலில் வந்து நின்றாள். நான் துக்க வீட்டு முகத்தோடு காரில் சாய்ந்திருந்தேன். சோராய்தா கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"ஏது இது?" என்றேன்.

"அப்பாகிட்ட இருந்துச்சு. மாஸ்க்விச் பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணை உனக்குக் குடுத்தார். மாப்பிள்ளை மேல நம்பிக்கை இல்லாம இன்னொண்ணை அவரே வெச்சுக்கிட்டார். நீதான் ஒரிஜினல் ஒரிஜினல்னு அடிச்சுச் சொன்னே. உன் பேச்சை மீறி அவர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இத்தனை நாள் தயங்கிட்டேன்."

ஓட்டினேன். வேறென்ன செய்வது? ஊரே கையாட்டியது. நான் கண்ணாடியில் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஓட்டை. இறங்கியதும் சோராய்தா சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு எல்லாம் தொலைந்துபோகிறதாம், இனி அவளிடமே இருக்கட்டுமாம்.

இருக்கட்டும். என் சாவி என்னிடம் இருக்கிறதே. நாளைக்கே கண்டெடுத்தது மாதிரி கண்டெடுத்துவிட்டால் போயிற்று. அந்த நிம்மதியில் விருந்தில் நன்றாகச் சாப்பிட்டேன். அறுபது பேருக்கு ஆக்கிய சோறு, வாயில் ஒரு கல் அகப்படவில்லை. சோராய்தா திங்கட்கிழமையிலிருந்தே உட்கார்ந்து பொறுக்கிய அரிசி என்று அவள் அண்ணி சொன்னாள். பிரமாதம் என்று சொல்லி இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெரிய டின்னைத் திறந்தேன். ஒரு மணி அரிசி இல்லை. சாவியும் இல்லை. அடியில் என் துணி மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு.

"வெங்காயம் ரெண்டு கிலோ. ரொட்டி. நடந்தே போ, கிழவா."