எட்டு விளக்கு மெஷின்

எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. முதலாவதில் தொடங்கி எட்டாவது வரை ஓடி, மறுபடி முதலாவதற்கு வந்து, சளைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

"சத்தம் வரலையே?" என்றார் ராஜகோபாலன்.

"எனக்கும் காது இருக்கு" என்றாள் அவர் மனைவி மாதங்கி.

மூன்று மாதம் மாதங்கி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்த மெஷின் அது. சீக்வென்சர் என்று பெயர். எட்டுக் குமிழ்களையும் திருகி எட்டுச் சுரங்களை வைத்துவிட்டால், அவை தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப வரும் என்று ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் கடைசிப் பக்க விளம்பரம் சொல்லியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி செய்ததை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உதிரி பாகங்களாகத் தபாலில் வரவழைத்து நாமே சேர்த்துக்கொண்டால் ஒரு பட்டுப்புடவை விலைதான். மாதங்கி அந்த வருஷம் புடவை எடுக்கவில்லை.

அவள் தொலைபேசி இலாகாவில் எழுத்தர். பதினெட்டு வருஷமாக வயர்களைப் பற்றிய கோப்புகளைத் தொட்டிருக்கிறாளே தவிர, ஒரு வயரைத் தொட்டதில்லை. தொட வைத்தவர் கீழ் வீட்டு இராஜமாணிக்கம். டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் அவர்கள் காலனித் தமிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். போன வருஷம் ஆண்டு விழா மேடையில் தானும் ஏதாவது செய்வதாக மாதங்கி சொன்னபோது, கமிட்டி முன்னால் அவர் சொன்னார்:

"மாமி, நீங்க பாயசத்தைப் பாத்துக்கங்க. கச்சேரியை நாங்க பாத்துக்கறோம்."

கமிட்டி சிரித்தது. மாதங்கி அன்று இரண்டு அண்டா பாயசம் கிண்டினாள். கிண்டக் கிண்டச் சபதம் கெட்டியானது. அடுத்த விழாவில் அதே மேடையில், தன் கையால் செய்த வாத்தியத்தோடு நின்றே தீருவது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்த வாத்தியம் எதுவும் கிடையாது. அதனால்தான் தானே வாசிக்கும் மெஷினாகப் பார்த்து வாங்கினாள்.

"ஸ்பீக்கர் வேணும்போல இருக்கு" என்று சொல்லி, ராஜகோபாலனின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பில் மெஷினைச் செருகினாள். டூ-இன்-ஒன் ஒரு முறை கனைத்தது. பிறகு அதிலிருந்து கருகின வாசனை வந்தது.

"கரண்ட் பத்தலை" என்று அடுத்த நாள் பெரிய அடாப்டர் ஒன்றை மாட்டினாள். பிளாக் முழுக்க ஃப்யூஸ் போனது. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்த நேரம். நான்கு வாசல்களிலிருந்து மூன்று மொழிகளில் திட்டு வந்தது.

மூன்றாம் நாள் மாலை இராஜமாணிக்கம் மாடியேறி வந்தார். பின்னால் அவர் மனைவி தாயம்மாள்.

"என்ன ஸார், இது நல்லா இருக்கா? சாயங்காலமானா டொம்மு டக்குன்னு ஒரே சத்தம். வீட்டுல மனுசன் டிவி பாக்க வேணாமா?"

"எங்காத்துலேருந்தா?" என்றார் ராஜகோபாலன்.

"உங்க வீட்டு மெஷின்தான் ஸார்! இவளும் சொல்லுறா. சொல்லேன் தாயம்மா!"

"பலமாத்தான் கேக்குது மாமி" என்றாள் தாயம்மாள், தரையைப் பார்த்தபடி.

மாதங்கியின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் மெஷின் வாசிக்கிறது! அறையில் கூலர் போடுகிற இரைச்சலில் தனக்குத்தான் கேட்கவில்லை. கூலரை நிறுத்திவிட்டுச் சோதிக்கலாம்தான். ஆனால் ஜூன் மாத டெல்லியில் அவ்வளவு விஞ்ஞான மனப்பான்மை யாருக்கும் வராது.

"நிறுத்தச் சொல்றேளா?" என்று கேட்டாள்.

"ஆமா மாமி."

"மாட்டேன்."

அவர் போனதும் எட்டுக் குமிழ்களையும் வலது பக்கக் கடைசி வரை திருகினாள். மறுநாள், "நேத்தைவிட ஜாஸ்தியாயிருச்சு!" என்று கீழிருந்து குரல் வந்தது. மாதங்கி அதை டைரியில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள். பத்திரிகை விமரிசனம்கூட அவளுக்கு அவ்வளவு தெம்பு தந்திருக்காது.

அடுத்த வாரம் மனு வந்தது. 'காதைக் கிழிக்கும் இயந்திர ஓசையை' உடனே நிறுத்தாவிட்டால் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் அலுவலகத்துக்கு எழுதப்போவதாகப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் வேறு பிளாக். சந்திரமௌலி என்பவர் அந்த மாதம் முழுக்க மெட்ராஸில் இருந்தவர். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அரசாங்க ஊழியருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்குடி" என்றார் ராஜகோபாலன் பரிதாபமாக.

"இருக்கட்டும். பதினோரு பேருக்குக் கேக்கறது, எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்கறது. அதைச் சரி பண்ணிண்டு வரேன்" என்று மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கடைக்காரர் மெஷினைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வாஹ், பெஹன்ஜி! நீங்களே செய்ததா? ரொம்பப் பிரமாதம். பற்றவைத்ததில் ஒரு குறையும் இல்லை" என்றார் இந்தியில்.

"அப்படியானால் சத்தம் ஏன் கேட்கவில்லை, பாய் ஸாப்?"

"இது பாடாது, பெஹன்ஜி. எப்போது எந்தச் சுரம் என்று இன்னொரு மெஷினுக்கு உத்தரவு கொடுக்கும், அவ்வளவுதான். பாடுகிற மெஷினைத் தனியாக வாங்க வேண்டும்." அதன் விலையையும் சொன்னார். மாதங்கி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் ராஜகோபாலன் கைகூப்பிவிட்டார். "தப்பிச்சோம்! மனுவைப் பத்தி மன்ற மீட்டிங்ல கேக்கறச்சே அதையே சொல்லிடு. மெஷினுக்குச் சத்தமே வராது, கேஸ் க்ளோஸ்."

"மூணு மாசம் உக்காந்து ஊமை டப்பா பண்ணினேன்னு அந்த மனுஷன் முன்னாடி சொல்லணுமா?"

"உண்மைதானேடி அது?"

"உண்மையா இருந்தா என்ன? சொல்ல மாட்டேன்."

"அப்போ அவருக்குக் கேக்கற சத்தம் எங்கேருந்து வரது?"

"என்னைப் பாத்தாலே அவருக்குக் காதுல சத்தம் கேக்கும்."

"குவார்ட்டர்ஸ் போயிடும்!"

"போகட்டும். கரோல் பாக்ல வாடகைக்குப் போவோம்."

மீட்டிங்கில் இராஜமாணிக்கம் மனுவை ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டு, "இதுக்கு என்ன சொல்றீங்க மாமி?" என்றார். ராஜகோபாலன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். மாதங்கி எழுந்துகொண்டாள்.

"சத்தம் என்னோடதுதான்" என்றாள். "நானே பண்ணின மெஷின், நானே போட்ட சத்தம். தினமும் போடுவேன். பதினோரு பேர் ஓசியில கேட்டாச்சு. மீதிப் பேரும் ஆண்டு விழாவுல கேக்கட்டும். நன்னா இல்லேன்னா குவார்ட்டர்ஸையே காலி பண்றேன், போறுமா?"

கடைசி வரிசைப் பெண்கள் கைதட்டிவிட்டார்கள். இராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே, "பத்து நிமிசம் எடுத்துக்கங்க மாமி" என்றார். மேடை கிடைத்துவிட்டது. வீடு திரும்பும் வழியில்தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. பாடுகிற மெஷினை வாடகைக்குக் கேட்டுக் கரோல் பாக்கில் கடை கடையாக ஏறி இறங்கினாள். அப்படியொன்று இருப்பதையே அங்கே ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"உடம்பு சரியில்லேன்னு சொல்லிடலாம்" என்றார் ராஜகோபாலன், விழா அன்று காலை.

"நிக்கறேன்னு சொன்னேன். நிப்பேன். சிரிச்சா சிரிக்கட்டும்." அவள் இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

மாலை ஹால் நிரம்பியிருந்தது. முன் வரிசையில் இராஜமாணிக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடைத் திரைக்குப் பின்னால் பெண்கள் பாயசத்துக்கு டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாதங்கி மெஷினை மேஜை மேல் வைத்து, மைக்கை அதன் பக்கம் திருப்பி, ஸ்விட்சைப் போட்டாள். எட்டு விளக்குகளும் ஓட ஆரம்பித்தன.

நிசப்தம்.

மனுவில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேருக்கும் தர்மசங்கடம். காதைக் கிழிக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர்கள், இப்போது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சந்திரமௌலி முன்ஜாக்கிரதையாக இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். இராஜமாணிக்கம் வாயைத் திறந்து, மனு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். மாதங்கி நிமிர்ந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று துடைக்கவில்லை.

அப்போது அது கேட்டது.

டொம். டக டக. டொம்.

முதலில் மெதுவாக, பிறகு கணீரென்று, எட்டு விளக்குகளின் ஓட்டத்துக்குச் சரியாக, மைக் வழியே ஹால் முழுக்கப் பரவியது. விளக்கு ஒரு சுற்று முடிக்கும்போது சத்தம் மிருதங்கக்காரர் மாதிரி ஒரு தீர்மானம் வைத்தது. பின் வரிசைகள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. யாரோ, "வாஹ்! வாஹ்! க்யா பாத் ஹை!" என்றார்கள்.

இராஜமாணிக்கம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இதேதான்! எங்க வீட்டுல தினம் கேக்குற சத்தம் இதேதான்!" என்று கத்தினார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

மாதங்கி மெஷினைப் பார்த்தாள். அதன் பின்னால் பார்த்தாள். ஒரு கையை ஸ்விட்சின் மேலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் பின்னால் இருந்த திரையை ஒரு விரற்கடை விலக்கினாள். அடுக்கிய டம்ளர்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, திரை இடுக்கு வழியே மெஷினின் விளக்குகளிலிருந்து கண்ணெடுக்காமல் பத்து விரல்களாலும் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள் தாயம்மாள்.

"நிறுத்திடாதீங்க மாமி!" என்றாள் மூச்சுவாங்க. "அடுக்களைப் பக்கமே வராத எங்க வீட்டு மனுசன் என்ன சத்தம்னு கேக்குறப்பெல்லாம் உங்க மெஷின்னு சொல்லித்தானே இத்தனை நாளும் வாசிச்சுப் பழகினேன்!"