புகைப்புரையில் காய்ந்த பசுமைத் தாள்

கையில் ஒரு மீட்டர் கிடைத்துவிட்டால் ஊரில் எல்லோரும் மின்சாரத்தை வீணடிப்பதாகவே தோன்றும். எனக்கு அந்த வியாதி இருபத்து மூன்றாம் வயதில் முற்றியது. எரிசக்தி சிக்கனம் படித்த கையோடு, நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் கையால் தாள் செய்யும் சின்னப் பட்டறையில் ஆறு மாதச் சோதனை வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

பட்டறை லீலா அக்காவுடையது. பழைய துணியையும் கழிவுத் தாளையும் கூழாக்கித் தாளாக வார்ப்பார்கள். மழைக்காலத்தில் காய வைக்க ஒரு மின்சார உலர்த்தி உண்டு. பாதி மின்சாரத்தை அதுவே விழுங்கிவிடும். அந்த நேரம் பார்த்து, பூவாரில் ஒரு ரிசார்ட் தன் அறைகளுக்கு எழுது அட்டைகள் கேட்டது. ஒரே நிபந்தனை, கார்பன் குறைவாக இருக்க வேண்டும்.

“கரண்டு கொறையாட்டா ஆர்டரும் இல்ல, நீயும் இல்ல, கேட்டியா மக்கா?” என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே. (சிரித்தாலும் சொன்னால் சொன்னதுதான்.)

அன்றைக்கே எனக்கு ஞானம் பிறந்தது. அம்பூரியில் எங்கள் வீட்டுப் புகைப்புரையில், கம்புகளில் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள் புகையில் காய, நாளெல்லாம் விறகு எரிகிறது. அதே கம்புகளில் தாளையும் தொங்கவிட்டால்?

“சும்மா எரியுத தீயாக்கும், கொண்டு வா மவளே” என்றார் அப்பா.

ஈரத் தாள் பிக்கப் வண்டியில் மலையேறியது. அது சொட்டிய தண்ணீரில் ரப்பர் ஷீட்டும் காயாமல் நின்றது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே இன்னும் விறகைத் திணித்தார். நானோ நோட்டில் ‘மின்சாரம்: பூஜ்யம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

தாள் இளம் பொன்னிறத்தில் இறங்கியது. அக்கா முகர்ந்து பார்த்தார். வெட்டுகிற பெண்கள் நாலு பேரும் முகர்ந்தார்கள். “ஒரு மணமும் இல்ல” என்று எல்லோரும் சான்றிதழ் கொடுத்தோம். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ‘புகையில்லாப் பூமிக்காக’ என்று அச்சடித்தோம். வாசகம் அடியேனுடையது.

அட்டைகள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் ரிசார்ட்டின் எலக்ட்ரீஷியன் பைக்கில் வந்து இறங்கினார். பெயர் சுனில். சட்டையெல்லாம் ஒட்டடை.

“ரூமுக்கு ரூம் ஒயர் கருகுத மணம்னு கம்ப்ளெயிண்டு. ரெண்டு நாளா இருவது ஏசியைக் கழத்திப் பாத்தாச்சு. கடைசில பாத்தா, மேசையில இருந்த உங்க அட்டையாக்கும்!” என்றவர், எல்லோருக்கும் கேட்கும்படி என் வாசகத்தைப் படித்தார். பூமி பிளக்கவில்லை. எனக்குத்தான் இறங்க இடமில்லை.

“எனக்கு மணமே வரல்லியே” என்றேன்.

“உங்களுக்கு எந்த ஊரு?”

“அம்பூரி.”

“பின்ன எப்படி வரும்? கடப்புறத்துல வளந்த எனக்கு மீன் மணம் தெரியாது, உங்களுக்குப் புகை தெரியாது.”

உண்மைதான். முகர்ந்து பார்த்த அத்தனை பேரும் ரப்பருக்குப் புகை போடும் வீட்டுக்காரர்கள். அக்கா மெல்ல என் நோட்டைப் புரட்டினார். “அப்போ பிக்கப்பு தண்ணியிலயா ஓடிச்சு? அப்பன் கூடுதலா எரிச்ச வெறகு எங்க?” என்று கேட்டார். அதற்கெல்லாம் என் நோட்டில் கட்டமே இல்லை. வேலை போயிற்று என்று மீட்டரை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினேன்.

பேச்சைக் காதில் வாங்காமல் உலர்த்தியின் அருகே நின்றிருந்த சுனில் திடீரென்று சூடு பட்டுக் கையை உதறினார். “இந்தக் கதவுக்கு ரப்பர் பட்டை எங்க?” பட்டை எப்போதோ பிய்ந்து விழுந்திருந்தது, சூடெல்லாம் அந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதமாக மீட்டரையே பார்த்த நான், கதவோரம் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்த்ததில்லை.

பட்டை போட்டதும் மீட்டர் அடங்கி ஓடியது. அட்டைகளைப் புதிதாகச் செய்து கொடுத்தோம். ஆர்டர் தப்பியது, வேலையும் தப்பியது. நான்தான் தப்பவில்லை, அடுத்த வருடம் சுனிலையே கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்த அட்டைகள் மொத்தமும் எனக்குச் சீதனமாக வந்து சேர்ந்தன. வீணாக்கக் கூடாதே என்று மளிகைச் சாமான் சீட்டு எழுத அவற்றைத்தான் கிழிக்கிறோம். இன்றும் நாங்கள் குடியிருக்கும் பாறசாலையில் கடைக்காரர் சீட்டைப் பிரித்துப் பெயர் பார்ப்பதில்லை. மூக்கருகே கொண்டுபோய்விட்டு உள்ளே பார்த்துக் கத்துகிறார்: “எலே, புகையில்லாப் பூமி வீட்டுச் சாமான எடுத்து வையி!”