மாவு மில்லுக்கு ஒரு கொட்டேஷன்

ஞாயிற்றுக்கிழமை என்பது மனிதன் ஓய்வெடுப்பதற்காக ஏற்பட்டது என்று புருஷோத்தமன் உறுதியாக நம்பினார். அதை ஏற்படுத்தியவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். போல்ட்டோ ரப்பர் வளையமோ, எதுவானாலும் நாமே செய்தால் என்ன ஆகும், வெளியில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, வெளியில் கொடுப்பார். பிறகு, செய்து தருகிற வெண்டாரை ராத்திரி சாப்பாட்டு வேளையில் போனில் கூப்பிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லிப் பிழிவார். "உங்க ரேட்டு கட்டுப்படி ஆகல சார். உங்களுக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்பது அவருடைய அன்றாட மந்திரம். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி சசிரேகா அதை ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டு வருகிறாள்.

ஆறு நாள் பிழிந்தவரை ஏழாம் நாள் மண்ணூர் வீட்டில் சசிரேகா பிழிவாள்.

"ஏங்க, கோதுமை அரைக்கணும். அப்படியே இஸ்திரிக்குப் போட்ட துணி. அப்படியே வர்றப்ப சங்கரா மீனு. அப்படியே..."

'அப்படியே' என்பதற்கு அகராதிகள் 'அவ்வாறே' என்று பொருள் தரும். சசிரேகாவின் அகராதியில் ஒவ்வொரு 'அப்படியே'வும் மூன்று கிலோமீட்டர்.

அன்று புருஷோத்தமன் பையை வாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சசி, நான் மில்லுக்குப் போய் வர இன்னா செலவு ஆவுது தெரியுமா?"

"பெட்ரோலு."

"அங்கதான் தப்பு பண்ற. என் நேரத்துக்கு வெல இல்லையா? கம்பெனியில நான் ஒரு மணி நேரம் உக்காந்தா..."

"உக்காந்தா அவங்க காசு தராங்க. இங்க நான் சோறு போடறேன்."

"அதையெல்லாம் சேத்துப் பாத்தா, நம்ம வூட்டு கோதுமை மாவு பாதாம் பருப்பு வெலைக்கு வந்து எறங்குது. நாம சப்பாத்தி துன்னல சசி. பாதாம் அல்வா துன்னுகினு கீறோம்."

"ஞாயித்துக்கெழம எவன் உங்களுக்குச் சம்பளம் தரான்?"

பல வெண்டார்களைக் கண்ட நாக்கு புருஷோத்தமனுடையது. "நான் தூங்க வேண்டிய நேரம் அது. என் தூக்கத்துக்கு வெலயே கெடையாது."

"வெல இல்லாத சாமான எதுக்குக் கணக்குல சேக்கறீங்க?" என்றாள் சசிரேகா. பிறகு, அவர் எதிர்பாராத விதமாக, "சரி, வெளியில குடுத்துடலாம்" என்றாள்.

கேட்ட விலைக்கு உடனே தலையாட்டும் வெண்டாரைப் புருஷோத்தமன் ஒருநாளும் நம்பியதில்லை. கேட்டவுடன் தலையாட்டிய மனைவியை ஏனோ நம்பினார்.

வேலை மாடிக்குப் போயிற்று. மாடி அறையில் பாண்டிச்செல்வி குடியிருந்தாள். புருஷன் உச்சிமாகாளி ஷிப்டு ஷிப்டாக ஒரு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவளும் செல்போன் பாகம் கோக்கும் லைனில் காண்ட்ராக்டில் இருந்தவள்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி, தெருவில் யார் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் வாங்கிவந்து கொடுக்கும் தொழிலை ஆரம்பித்திருந்தாள்.

"மாசத்துக்கு ஒரு தொகை தாங்க அக்கா. வாரத்துக்கு ஒருக்க ஒங்க வாஷிங் மெஷின்ல எந்துணியப் போட்டுக்கிடுதேன். அம்புட்டுதான்."

முதல் ஞாயிறு சொர்க்கம். புருஷோத்தமன் ஒன்பது மணிக்கு எழுந்தார். பேப்பரை எடுத்து மணமகள் தேவை உட்பட எல்லாவற்றையும் படித்தார். படித்து முடித்தபோது ஸ்கூட்டர் வந்து நின்றது. மாவு, துணி, மீன் எல்லாம் வந்துவிட்டன.

"அதுக்குள்ளயா?" என்றார்.

"மில்லுல ஒரு குருவி இல்ல அண்ணாச்சி. போன கையோட அரைச்சித் தந்துட்டாக."

சசிரேகா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "இவரு போனா மட்டும் ரெண்டு மணி நேரம் கூட்டமா கீது."

இங்கே வாசகருக்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மண்ணூரிலேயே ஒரு மாவு மில் உண்டு. அங்கே அரைத்தால் மாவில் மிளகாய் நெடி அடிக்கிறது என்று எப்போதோ கண்டுபிடித்து அறிவித்து, கோதுமையை இருங்காட்டுக்கோட்டை வரை சுமந்தவர் புருஷோத்தமன். இருங்காட்டுக்கோட்டை மில்லுக்கு எதிரே நடேசன் டீக்கடை இருந்ததுதான் காரணம். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் கொழுப்பு கூடியிருப்பதாக வந்ததிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. நடேசன் கடையில் அது இறங்கியதே இல்லை. போண்டாகூடப் பெரிதல்ல. கார் ஏற்றும் ட்ரெய்லர்களின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உருக்கு விலையிலிருந்து உலகப் பொருளாதாரம் வரை அவர் பேசுவார்; பேசப் பேச டிரைவர்களும் ஷிப்டு முடிந்த பையன்களும் "ஆமா சார்" என்பார்கள். வீட்டில் அவருக்கு "ஆமா" சொன்னவர்கள் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மனிதனாக இருந்த அந்த இரண்டு மணி நேரத்தைத் தம் கணக்கில் வரவாக எழுத மறந்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க?"

"சும்மா, காத்து வாங்க."

"காத்து இங்கயே வருது. வெளிய போனா பெட்ரோலு. உங்க நேரத்துக்கு வேற வெல கீது. கட்டுப்படி ஆவுமா?"

சட்டையைக் கழற்றினார்.

மூன்றாம் ஞாயிறு தரக் குறைபாடு என்ற ஆயுதத்தை எடுத்தார். "மாவு கொரகொரன்னு கீது சசி. சப்பாத்தி தொண்டையில நிக்குது."

"அஞ்சாவது சப்பாத்தியா, ஆறாவதா?"

பாண்டிச்செல்வி அப்போது வாஷிங் மெஷினுக்குத் துணியோடு வந்தவள் நின்று, "எதுக்கு அண்ணாச்சி அம்புட்டுத் தொலைவுன்னு இந்த வாரம் இங்கன மண்ணூர் மில்லுலயே அரைச்சேன். ஒரு நெடியும் இல்லையே!" என்றாள்.

சொல்லிவிட்டுத் துணியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். வாஷிங் மெஷின் சுற்றியது.

"வேலைய நானே பாத்துக்கறேன்" என்றார் புருஷோத்தமன்.

"இப்ப செல்விகிட்ட ஆர்டர் கீது. வேணும்னா நீங்க கொட்டேஷன் குடுங்க" என்றாள் சசிரேகா.

"என் வூட்டுக்கு நானே கொட்டேஷனா?"

"உங்க ரேட்டு சரியா இருந்தா பாக்கலாம். உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க நிக்கிறாங்க."

அந்த வாக்கியம் எதிர்முனையில் எப்படிக் கேட்கும் என்பது இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்குப் புரிந்தது.

"ஒரு பைசா வேணாம். சும்மா செய்யறேன்."

"சும்மா செய்யறேன்னு ஒரு வெண்டார் சொன்னா நீங்க இன்னா சொல்வீங்க? அவன் வேற எங்கியோ சம்பாதிக்கிறான்னு சொல்வீங்களே. நீங்க எங்க சம்பாதிக்கிறீங்க?"

"குடும்பத்து மேல அக்கற."

"நான் மீன ஆஞ்சும் தாரேன் அக்கா" என்று பாண்டிச்செல்வி நடுவில் புகுந்தாள்.

"நானும் ஆயறேன்!" என்றார், மீனைக் குழம்புக்கு வெளியே பார்த்தறியாத மனிதர்.

"இஸ்திரித் துணிய பீரோவுல அடுக்கிக் குடுத்துருதேன்."

"துணிய நானே இஸ்திரி போடறேன்!"

"வர லேட்டானா?" என்றாள் சசிரேகா.

"அன்னிக்கு ராத்திரி பாத்திரம் என்னுது."

"எந்த மில்லு?"

"இருங்காட்டுக்கோட்டை" என்றார். "தரம்னு ஒண்ணு கீது இல்ல?"

சசிரேகா வெகுநேரம் யோசிப்பதுபோல நடித்தாள். அந்த நடிப்பும் அவரிடமிருந்து கற்றதுதான். கடைசியில் ஆர்டர் கிடைத்தது. எத்தனையோ வெண்டார்களைப் பிழிந்தவர், சும்மாவே மீன் ஆய்ந்து, துணி தேய்த்து, பாத்திரமும் கழுவ ஒப்புக்கொண்டு, அதற்கு நன்றியும் சொன்னார். போட்டியில் தோற்ற பாண்டிச்செல்வி கொஞ்சமும் வருந்தவில்லை. வாஷிங் மெஷின் சலுகை மட்டும் தொடரும் என்று அக்கா ஜாடை காட்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு விடிந்ததுமே கோதுமைப் பையோடு பைக்கை உதைத்தார். பின்சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். பார்த்தால் பட்டுக்கரைப் புடவையில் சசிரேகா. பக்கத்தில் ஸ்கூட்டரில் பாண்டிச்செல்வி.

"எங்க ரெண்டு பேரும்?"

"ஆடிட்டு" என்றாள் சசிரேகா. "புது வெண்டாருக்கு ஆர்டர் குடுத்துட்டு, எடத்த நேர்ல போய்ப் பாக்காம உடுவீங்களா நீங்க?"

மில்லில் ஒரு குருவியும் இல்லை. கோதுமையைக் கொட்டிய கையோடு மாவு வந்தது. புருஷோத்தமன் வேறு திசையில் வண்டியைத் திருப்பப் பார்த்தார். எதிரே நடேசன் கையை ஆட்டினார்.

"சார்! இன்னா சார், மூணு வாரமா ஆளக் காணோம்! உன் நாற்காலி காலியா கீது, போண்டா சூடா கீது!"

சசிரேகா எந்த ஆச்சரியமும் காட்டாமல் இறங்கினாள். "இத்தினி வருஷமா கோதுமப் பையில போண்டா வாசன வருதே, எந்த ஊர்லங்க வெளையுது அந்தக் கோதும?"

புருஷோத்தமன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"ஆடிட்டுக்குப் போனா, துன்ற செலவு யாரோடது?"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆடிட்டுக்குப் போன எந்த இடத்திலும் அவர் பர்சைத் திறந்தது கிடையாது. இன்று திறந்தார். ஆடிட்டர்கள் போண்டா சாப்பிட்டார்கள். பிறகு கீரை வடை. வெண்டாருக்குச் சர்க்கரை இல்லாத டீ.

அவருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவி சமைக்கிற சோற்றுக்கு எந்தக் கம்பெனி கணக்கிலும் ஏன் விலை வருவதில்லை என்று சசிரேகா சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கத் தொடங்கினாள். ட்ரெய்லர் டிரைவர்கள் டம்ளரோடு நெருங்கி வந்தார்கள். "ஆமாக்கா" என்றார் ஒருவர். "கரெக்டுக்கா" என்றார் இன்னொருவர். நடேசன் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார். புருஷோத்தமன் மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

சசிரேகா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது இந்த எடம். அடுத்த வாரத்துலேர்ந்து மில்லுக்கு நானும் செல்வியும் வந்துக்கறோம். நீங்க வூட்ல இருந்து கொழம்பு வெச்சிடுங்க."