லட்சுமி வரும் நேரத்தில் கொசு

நேற்று பொழுது இறங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். எலியா, திருடனா, இல்லை அதற்கும் மேலான ஒன்றா என்று புரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு மூலையில் போய் நின்றேன். கான்வென்டில் கற்ற ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை.

காலையில் வீட்டுக்காரம்மா விளக்கம் சொன்னார்.

"பக்கத்து வூட்டுக்காரருக்கு குளிர் காய்ச்சல் கண்ணு. அவரு நடுங்குற நடுக்கத்துல கட்டிலு செவுத்துல இடிக்குது."

பேயாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இது மலேரியா. கொசுவுக்கு ஒரு சுவர் எந்த மூலைக்கு? என் பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. அவன் வாயில் அந்தக் கசப்புக் கொய்னா மருந்தை எப்படி ஊற்றுவது? அவனுடைய அப்பாவோ தொப்பூரில் ரோடு வேலையில் இருக்கிறார்.

ஆகையால் இன்றைய வேலை ஒன்றுதான். பொழுது சாயும்போது வேப்பிலைப் புகை போட்டுக் கதவைச் சாத்துவது.

"வெளக்கு வெக்கிற நேரத்துல வாசக்கதவ சாத்துவாங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா. "லட்சுமி எப்படி வருவா?"

"கொசுவும் அந்த நேரத்துலதாங்க வருது."

"வந்தா வரட்டும்."

"பின்கதவைத் திறந்து வைக்கிறேங்க. லட்சுமி அப்படி வரட்டுமே."

"பின்கதவுல மூதேவிதான் வருவா. கான்வென்டுல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

தரவில்லை. கொசு எப்படிக் கடிக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் அவர் மாடு கட்டப் போன சமயம் பார்த்து வாசற்கதவை ஓசைப்படாமல் சாத்தினேன். எங்கள் நாய் டைகரைக் கொசுவலைக்குள் விட்டேன். அதன் காதோரம் எப்போதும் கொசு மொய்க்கிறது. அதுவும் ரத்தம் உள்ள ஜீவன்தானே. சட்டியில் நெருப்பு அள்ளி, வேப்பிலை போட்டேன். போதாது என்று தோன்றியது. இன்னும் போட்டேன். பச்சை இலை. பயத்தில் அளவு தெரியவில்லை.

எனக்கே மூச்சு முட்டியதும் குழந்தையோடு பின்பக்கம் ஓடினேன். டைகர் உள்ளேயே இருந்தது நினைவுக்கு வந்தது, அது குரைத்த பிறகுதான்.

ஓட்டுக்கூரை இடுக்கெல்லாம் புகை. சாத்திய கதவு. உள்ளே நாய்.

"ஐயோ, வூடு பத்திக்கிச்சு!" வீட்டுக்காரம்மா போட்ட கூச்சலில் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. கதவைத் தள்ளித் திறந்து, நெருப்புச் சட்டி மேல் ஊற்றி, அரிசிக்கூடை மேலும் ஊற்றினார்கள்.

கடைசியாக வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். தலையோடு கம்பளி போர்த்தி, கையில் ஒரு சொம்பு. நடுங்கிய நடுக்கத்தில் உள்ளே வந்து சேர்வதற்குள் அதில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம்.

"பயப்படாதீங்கம்மா, நான் வந்துட்டன்" என்றார், பல் தந்தியடிக்க.

எதற்குப் பயந்து கதவைச் சாத்தினேனோ அது கம்பளி போர்த்திக்கொண்டு என் நடுவீட்டில் நின்றது.

அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். கதவு மட்டும் மல்லாக்கத் திறந்து கிடந்தது. வீட்டுக்காரம்மா பாயும் தலையணையுமாகத் திரும்பி வந்தார்.

"ஒம்பொகைக்கு ஓடுன கொசு பூரா எங்கூட்டுல கெடக்குது. கண்ண மூட முடியல. நகரு, புள்ளைக்குப் பக்கத்துல படுத்துக்கறேன்."

வலையைத் தூக்கி உள்ளே போனவர், அங்கிருந்தே அதட்டினார்.

"கதவப் பாரு, ஆன்னு தெறந்து கெடக்குது. தாப்பாளப் போடு."

"லட்சுமிங்க?"

"அவ எப்பவோ வந்துட்டா. போடு கண்ணு."

போட்டேன். இப்போது வலைக்குள் குழந்தை, டைகர், வீட்டுக்காரம்மா. தாழ்ப்பாள் போட்ட வீட்டில், வலைக்கு வெளியே நானும் கொசுவும்.