சந்தேகம் கழற்றிய வால்வு

டீக்கடைக்காரர் நீட்டிய டீயை முதலில் அவரையே ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் அவர் முகத்தைப் பார்த்திருந்து, பிறகு ஆறிப்போன டீயைக் குடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த கார் மெக்கானிக். பெயரைக் கேட்டால் "எதுக்குக் கேக்கற?" என்பார். அதனால் பெயர் யாருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே 'அண்ணா', முதுகுக்குப் பின்னால் 'சந்தேகம்'.

ஷெட்டில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தேதியைத் தப்பாகச் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்குமாம். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் நாமே ஆணியால் அதன் மேல் நம் பெயரின் முதல் எழுத்தைக் கீறித் தர வேண்டும். பழசை மாட்டிவிட்டார் என்று நாம் சந்தேகப்படுவோமோ என்று அவருக்குச் சந்தேகம்.

என் டீசல் கார் மக்கர் செய்த வாரம் வேறு வழியில்லாமல்தான் அவரிடம் போனேன். என் மனைவி செல்விக்கு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு மையம் ஆர்.கே.பேட்டையில், நாங்கள் இருந்ததோ மாவட்டத்தின் இந்தக் கோடியில். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர பஸ் கிடையாது. காரோ நின்ற இடத்தில் நின்றபடி உடம்பு உதறியது, கருப்பாகப் புகை தள்ளியது, மேம்பாலம் ஏறச் சொன்னால் அழுதது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பார்த்துவிட்டு, டர்போவையே மாற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சந்தேகத்தின் முன்னால் நின்று, ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பரீட்சைக்குக் கிளம்ப வேண்டும் என்றோம். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை வாங்கி நம்பர் பிளேட்டோடு இரண்டு முறை ஒப்பிட்டார். பிறகு விசாரணை. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக நின்றால் ஒரே பொய்யைச் சொல்வார்கள் என்பது அவர் கொள்கை. அதனால் முதலில் என்னைத் தனியாக விசாரித்தார். வண்டியைத் தினமும் ஹைவேயில்தான் ஓட்டுகிறேன், சும்மா பறக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவே அளந்தேன். அடுத்து என்னைப் பங்க்சர் கடைப் பக்கம் அனுப்பிவிட்டுச் செல்வியைக் கேட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"இன்னா நைனா, ஐவேல நூறுல போறேன்ன. ஊட்டுக்காரம்மா, டீ குடிக்கக் கூட கார எடுத்துக்கினு போவாருன்னு சொல்லுது. யாரு சொல்றது பொய்யி?"

"நான் சொன்னதுதாண்ணா," என்றேன்.

"அப்ப வண்டி மெய்யத்தான் சொல்லுது," என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். புகைக்குழாய்க்குப் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்ப ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்கு இஜிஆர் வால்வு என்று பெயர். என் வீட்டுக்கும் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கும் இரண்டு கிலோமீட்டர், அதையும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினால் இன்ஜின் சூடாவதற்குள் சவாரி முடிந்துவிடும். கரி அடைத்துக் கதவு மூடாமல் நின்றுவிடும். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் அவருடைய ஸ்கேனரும் வால்வைத்தான் காட்டியது. ஆனால் ஸ்கேனரைச் செய்தவனை அவர் பார்த்ததில்லையே! ஆயில் டின்னில் ஒரு துண்டு வெட்டி, புகை வரும் வழியில் செருகி அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். உதறல் நின்றது. தகரத்தை எடுத்தார், உதறியது. மூன்று தடவை இப்படிச் செய்தார். ஸ்கேனர், தகரம், என் மனைவி என்று மூன்று சாட்சிகளும் ஒத்துப்போன பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

வெளியே வந்த வால்வைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அரை மணி நேரம் கரியைச் சுரண்டிய பிறகுதான் என் எழுத்தைக் கீற இடம் கிடைத்தது. கரியைக் கரைக்கும் மருந்தடித்து, பிரஷ் போட்டு, பேட்டரி வயரை வைத்துத் தொட்டார். கதவு 'டக்'கென்று மூடித் திறந்தது. புகை கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்து மாட்டி, கதவு மூடும் இடத்தை ஸ்கேனர் மூலம் வண்டிக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட் செய்தபோது கார் ஒரு உதறல்கூட இல்லாமல் நின்றது.

"நாளிக்கு ஓடும்லண்ணா?" என்று செல்வி கேட்டாள்.

அவர் கையைத் துடைத்தார். "தெர்லம்மா. செஞ்சது நானு. என்னிய நான் எப்டி நம்பறது?"

பரீட்சைக்குப் போகிறவளிடம் இப்படியா சொல்வார்கள்? எனக்கு வந்த கோபத்தில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெரியபாளையம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னாலேயே ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. நான் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது, குறைத்தால் குறைத்தது. வழிப்பறிக்காரன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். திருவள்ளூரில் ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். பைக்கும் நின்றது. முதுகில் டூல்ஸ் பையோடு சந்தேகம் இறங்கி ஓடி வந்தார்.

"இன்னாத்துக்கு நின்ன? புகை தள்ளுதா?"

"இல்லண்ணா. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வால்வு மேல சந்தேகம். நீ போய்க்கினே இரு, ஊட்டுக்காரம்மாக்கு லேட்டாவுது."

திருத்தணி வழியாக ஆர்.கே.பேட்டை வரைக்கும் வந்தார். கார் எங்கேயும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் செல்வியின் ஹால் டிக்கெட்டை வாங்கி, அதிலிருந்த மையத்தின் பெயரைப் பள்ளிக்கூடப் போர்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் அவளை உள்ளே விட்டார். அவ்வளவுதானே, கிளம்புங்களேன் என்றேன். திரும்பிப் போகும்போது நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு, தேர்வு முடியும் வரை பானெட் மேல் கையை வைத்தபடி வெயிலிலேயே நின்றார்.

செல்வி இப்போது ஐந்தாம் வகுப்பு டீச்சர். எங்களை நம்புகிறவர்கள், நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று வாழ்த்துகிறவர்கள் எங்களுக்கு நிறைய பேர் உண்டு. நம்பாமல் அத்தனை தூரம் எங்கள் பின்னாலேயே வந்த மனிதர் அவர் ஒருவர்தான்.